கிழக்குச் சுவரின் மஞ்சள்

கல்யாணம் முடிந்து நாங்கள் குடிவந்த முதல் வீடு திருவொற்றியூரில், கடற்கரையை ஒட்டிய தெரு ஒன்றில், மூன்று மாடி ஏறினால் வருகிற ஒற்றை அறை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், யாரோ வைத்துவிட்டு மறந்துபோன தீப்பெட்டி மாதிரி நிற்கும். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கடல். ஒரே ஜன்னலுக்குள் அவ்வளவு கடலை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மொத்தம் மூன்று வீடுகள் பார்த்தோம். மற்ற இரண்டிலும் சமையலறை தனியாக இருந்தது, தண்ணீர் வசதியும் இருந்தது. இவரோ இந்த அறையின் வெளிச்சுவரை, கடலைப் பார்த்த கிழக்குச் சுவரை, ஒரு தடவை கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இத்தையே பேசிடலாம்மே" என்றார். எனக்குக் கடல் காற்று பிடிக்கும் என்பதற்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். புதுப்பெண்டாட்டி எதையும் தனக்காக என்றுதான் நினைப்பாள். அதில் தப்பு ஒன்றுமில்லை.

எங்கள் பூர்வீகம் தெற்கே, தூத்துக்குடிப் பக்கம். அப்பா தண்டையார்பேட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். நான் ஷேடு கார்டுகளோடு வளர்ந்தவள். மற்ற குழந்தைகள் நிலா பார்த்துச் சாப்பிட்டிருக்கும். நான் டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் நிறங்களைப் பார்த்துச் சாப்பிட்டேன் என்று அம்மா சொல்வாள். எந்தச் சுவருக்கு எந்த நிறம் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இவர் கடலுக்குப் போகிற குடும்பம். படகுக்கு அடிக்க வெளுக்காத சிவப்பு வேண்டும் என்று கேட்டுக் கடைக்கு வந்தார். வெளுக்காத சிவப்பு என்று உலகத்தில் ஒன்று கிடையாது, வருஷத்துக்கு ஒரு தடவை அடிக்கத்தான் வேண்டும் என்றேன். அந்த வருஷத்திலேயே நான்கு தடவை வந்து சிவப்பு வாங்கினார். அவ்வளவு சிவப்பு ஒரு கப்பலுக்கே போதும். அப்பாவுக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

அப்பா மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு முன்னைவிட அதிகமாகப் பேச ஆரம்பித்தார். அத்தைதான், அதாவது என் மாமியார், மனம் இளகவில்லை. என்மேல் கோபமென்று சொல்ல முடியாது. மகன் குப்பத்தில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்காமல் மாடியில் போய் ஏறிக்கொண்டான் என்ற கோபம். கல்யாணமாகி எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட எங்கள் அறைக்கு வரவில்லை. "மூணு மாடி ஏறுனா முட்டி புட்டுக்கும்" என்பார். மீன் கூடையோடு ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறுகிறவர் அவர். எந்த முட்டி வலிக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அந்த எட்டு மாதங்களை இப்போது நினைத்தால் முழுக்கத் தூக்கத்திலேயே நடந்தது போல இருக்கிறது. இருள் பிரியும் முன்னே இவர் எழுந்து போவார். படிக்கட்டில் செருப்புச் சத்தம் இறங்கிப் போவதைப் பாதித் தூக்கத்தில் கேட்பேன். கொஞ்ச நேரத்தில் கரையில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பிக்கும். அவற்றில் இவருடையது எது என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்வேன், உண்மையில் தெரியாது. கண் திறக்கும்போது சூரியன் கடலிலிருந்து நேராக எங்கள் சுவரில் வந்து விழும். தூரத்தில் துறைமுகத்துக்காகக் காத்திருக்கும் கப்பல்கள் வரிசையாக, ஒன்றும் செய்யாமல் நிற்கும். நானும் ஒன்றும் செய்யாமல் அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். டீ ஆறிப்போகும்.

பத்து மணிக்கு மேல் உப்பும் டீசலும் மணக்க வந்து, சாப்பிட்டு, தூங்கிவிடுவார். மதியத்துக்கு மேல் நான் அப்பா கடைக்குப் போய்விடுவேன். கடலுக்குப் போகாத நாட்களில் இருவரும் ஊர் சுற்றுவோம். சுற்றுவது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, கடைசி ஸ்டேஷன்வரை போய், இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பி வருவோம். ஒரு நாள் ராயபுரம் பழைய ஸ்டேஷனில் எந்த ரயிலுக்கும் இல்லாமல் தக்காளி சாதம் சாப்பிட்டோம். எண்ணூர் முகத்துவாரத்தில் முழங்கால்வரை சேற்றில் மாட்டி, என் ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். மெட்ரோவில் போகும்போது மட்டும் இவருக்கு ஒரு பழக்கம். உயரத்தில் ரயில் போகையில் கழுத்தை ஒடித்துக்கொண்டு எங்கள் அறை தெரிகிறதா என்று தேடுவார். தெரிந்துவிட்டால் ஒரு சின்னச் சிரிப்பு.

"கல்லாண்ட இருந்து பாத்தாகூட நம்ம ரூமு தெரியும்மே" என்பார்.

கல் என்றால் கடலுக்கு அடியில் இருக்கிற ஒரு மேடு. பாறையா, எந்தக் காலத்திலோ மூழ்கிய கப்பலின் எலும்பா, யாருக்கும் தெரியாது. அங்கே தூண்டில் போட்டால் சங்கரா கிடைக்கும், அதிர்ஷ்டமிருந்தால் கொடுவா. இவருடைய அப்பா சாகும்போது மகனுக்கு விட்டுப்போனது ஒரு சின்னப் படகும் அந்தக் கல்லும்தான். தினமும் கூட்டாளிகளோடு பெரிய படகில் போகிறவர், நடுநடுவே ஒரு நாள் மட்டும் அப்பாவின் படகில் தனியாக அங்கே போய்வருவார். கல் எங்கே இருக்கிறது என்று குப்பத்தில் வேறு யாருக்கும் தெரியாது. நானும் கேட்டதில்லை. கடலில் ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பதே எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மார்கழி முடிகிற சமயம். பொங்கலுக்கு எல்லா வீட்டிலும் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் அறையின் வெளிச்சுவர் பழைய மஞ்சள். உப்புக்காற்றில் அரித்து, அங்கங்கே உரிந்து, பார்க்கப் பரிதாபமாக இருக்கும். பெயிண்ட் கடைக்காரர் மகள் வீட்டுச் சுவர் இப்படி இருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டேன், உன் பாடு என்றார். இவர் கடலுக்குப் போயிருந்த ஒரு காலையில் பழையதைச் சுரண்டிவிட்டு, நானே ரோலர் பிடித்து அடித்தேன். இளநீலம். இவருக்குப் பிடித்த கடலின் நிறம், காலை ஏழு மணிக் கடல். அதைக் கலப்பதற்கே கடையில் ஒரு மதியம் செலவழித்திருந்தேன். "கடல்ல கெடந்துட்டு வாரவனுக்கு வீட்டுலயும் கடலையா காட்டப்போறட்டி?" என்று அப்பா கேலி செய்தார்.

இவர் மாடியேறி வந்து சுவரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்றார். அந்த 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த முறை தன் அப்பாவின் படகில் போனவர் வெறுங்கையோடு வந்தார். தண்ணீர் சரியில்லை என்றார். இரண்டு நாள் கழித்து மறுபடி போனார், மறுபடி வெறுங்கை. மூன்றாவது தடவையும் அப்படியே. இதற்கிடையில் மாமனாரின் வருஷப் படையல் நெருங்கிக்கொண்டிருந்தது. தை மாதத்தில் அவர் இறந்த நாளில் இலை போட்டு அவருக்குப் பிடித்ததெல்லாம் வைப்பார்கள். அதில் அந்தக் கல்லில் பிடித்த சங்கரா கட்டாயம். மார்க்கெட்டில் வாங்கிய சங்கரா ஆகாதா என்று நான் விவரம் தெரியாமல் கேட்டேன். "அவுரு கல்லு மீன்தான் அவுருக்கு" என்று மட்டும் சொன்னார். படையலுக்கு இன்னும் ஆறே நாள்.

அன்று சாயங்காலம் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து என் நீலத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க. செத்த வீடு மாதிரி உக்காந்திருக்காதீங்க."

"புடிக்காம இல்லமே. அந்த மஞ்சதான் எனக்கு அடையாளம். அத்தெ வெச்சித்தான் கல்லுக்குப் போவேன்."

பிறகு மெதுவாகச் சொன்னார். காலை வெயில் பட்டதும் கரையில் முதலில் பளிச்சென்று தெரிவது எங்கள் மஞ்சள் சுவர்தானாம். தூரத்தில் கோயில் கோபுரத்தின் இடது தோளில் அந்த மஞ்சள் வந்து உட்கார வேண்டும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். இப்போது பார்த்தால் சுவர் இருக்கிற இடத்தில் ஆகாயம்தான் தெரிகிறதாம். நான் அரும்பாடுபட்டுக் கலந்த நிறம், கடலில் கரைத்த பெருங்காயமாகப் போயிருந்தது.

"போன்ல குறிச்சு வெச்சிருக்கக் கூடாதா?"

"மிஷின்ல ஏத்துனா ஊருக்கே சொன்ன மாரி. நைனா ஆருகிட்டயும் சொல்லாதன்னாரு."

"அப்போ இந்த வீட்டை எனக்காகப் பிடிக்கலை. மீனுக்காகப் பிடிச்சிருக்கீங்க."

"ரெண்டுக்குந்தான்."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பிரஷ்ஷைத் தொட்டிருப்பேனா? யார்கிட்டயும்னா? நான் யாரோவா?"

அவர் கைப்பிடிச் சுவரிலிருந்து இறங்கினார். "இன்னொரு அடையாளமும் கீது. ரெண்டும் சேந்தாதான் கல்லு" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். அந்த இன்னொன்று என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ரோஷம் இடம் தரவில்லை. ஆனால் படுத்த பிறகு அதுதான் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு மனுஷனோடு எட்டு மாதம் வாழ்ந்து, சேற்றில் விழுந்து, ரயிலேறிச் சுற்றி, கடைசியில் எனக்குக் கிடைத்தது அரை அடையாளம். அதுவும் என் தப்பால் அழிந்த பிறகு.

மறுநாள் காலை இவர் பெரிய படகில் போயிருந்தார். பத்து மணி வாக்கில் படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம். எட்டிப் பார்த்தால் அத்தை. காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். எட்டு மாதத்தில் முதல் தடவை. நான் தண்ணீர் கொண்டுவர ஓடினேன். அவர் அறைக்குள் வரவில்லை. நேராகப் போய்க் கிழக்குச் சுவரின் முன்னால் நின்றார்.

"இன்னாடி இது, செவுத்துக்கு நீலம் அடிச்சி வெச்சிகீற? எம்புள்ள எப்டிடி கல்லு கண்டுபுடிப்பான்?"

என் கையில் சொம்பு அப்படியே நின்றது.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியாம? கோபுரத்துத் தோளாண்ட மஞ்ச வரணும். வடக்கால பாத்தா எண்ணூர் பொகபோக்கி ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கினு ஒத்தையா நிக்கணும். அங்க நங்கூரம் போடு, கீய கல்லு."

இவ்வளவுதான். இவர் வாய்க்குள் பூட்டி வைத்திருந்த மீதிப் பாதியை, மின்நிலையத்தின் அந்த இரண்டு புகைபோக்கிகளை, அத்தை ஒரு மூச்சில் சொல்லிவிட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

"எங்க மாமியா சொன்னாங்க, நான் கண்ணாலமாயி வந்த புச்சில. நெத்திலி காய வெக்கசொல்ல. அப்போ இந்த ரூமு ஏது, இங்க ஒரு பனமரம் இருந்திச்சி. மரம் போயி ரூமு வந்திச்சி, கல்லு அங்கயேதான் கீது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. ஆண்கள் பரம்பரை பரம்பரையாக யாருக்கும் சொல்லாமல் காத்த ரகசியம், அதே வீட்டில் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு, மீன் காய வைக்கிற பேச்சோடு பேச்சாக இறங்கி வந்திருக்கிறது.

"ஆனா ஒண்ணு" என்றார் அத்தை. "அவனா ஒரு நாளு வந்து உங்கிட்ட சொல்லுவான். சொல்லசொல்ல தெரியாத மாரியே கேட்டுக்கோ. ஆம்பளைங்களுக்கு அது ஒண்ணுதான் குடுக்க கீது."

"மாமா சொன்னப்போ நீங்களும் அப்படித்தான் கேட்டுக்கிட்டீங்களா?"

அத்தை கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். "பஸ்ஸு பூடும்டி" என்று இறங்கிவிட்டார்.

அன்று மதியம் அறைக் கதவின் பின்புறம் சுரண்டப்படாமல் இருந்த பழைய மஞ்சளில் ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஷேடு கார்டில் அப்படி ஒரு மஞ்சள் இல்லை. அடித்தபோது எலுமிச்சை நிறமாக இருந்திருக்கும். வெயிலும் உப்பும் சேர்ந்து அதை வேறு ஒன்றாக ஆக்கியிருந்தன. கொஞ்சம் காவி, கொஞ்சம் பழுப்பு, ஒரு சொட்டுக் கறுப்பு என்று கலந்து கலந்து பார்த்தேன். "போன வாரம் நீலம், இந்த வாரம் மஞ்சளா? அடுத்த வாரம் என்னட்டி, பச்சையா?" என்றார் அப்பா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே வந்து இன்னும் ஒரு சொட்டுக் காவி விட்டார். அதுதான் சரியாக இருந்தது.

மறுநாள் இவர் கிளம்பிப் போன பிறகு ரோலரை எடுத்தேன். விடிந்ததும் அத்தையும் வந்துவிட்டார். அவர் பெயிண்ட்டைத் தொடவில்லை. தொட்டி நிழலில் உட்கார்ந்து, "அங்க நீலம் தெரியிது பாரு, இங்க தெரியிது பாரு" என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தார். இரண்டாவது கோட் முடிந்தபோது வெயில் ஏறி, சுவர் அடுப்பில் வைத்த நெய் மாதிரி மின்னியது. கடலில் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. அதில் ஏதோ ஒன்றிலிருந்து இவர் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கை தூக்கி ஆட்டினேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

இவர் வந்தபோது அத்தை போய்விட்டிருந்தார். சுவரைப் பார்த்தார், என் முழங்கைவரை ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தார். ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்து வந்து என் கையைத் துடைத்துவிட ஆரம்பித்தார். தண்ணீரிலேயே போகும் பெயிண்ட் அது. மண்ணெண்ணெய் தேவையே இல்லை. நான் சொல்லவில்லை.

படையலுக்கு முதல் நாள் மாமனாரின் படகில் போய் ஏழு சங்கராவோடு வந்தார். இலையில் நடுவில் இரண்டு சங்கரா இருந்தன. அத்தை கண்ணை மூடிக் கும்பிட்டார். நான் மாமனாரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய மீசை, இறுக மூடிய வாய். அந்த வாயைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. இவருக்கும் அதே வாய்தான்.

மாசி மகத்தன்று யாரும் மீன் பிடிக்கப் போகவில்லை. சாமிகள் கரைக்கு வந்திருந்தன. குடும்பத்தோடு படகில் கொஞ்ச தூரம் போய்வருபவர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். "வரியாமே?" என்றார் இவர். சாதாரணமாகப் பெண்களைப் படகில் ஏற்றமாட்டார்கள். நான் புடவையைச் செருகிக்கொண்டு மாமனாரின் படகில் ஏறினேன். அத்தை கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச தூரத்துக்குப் போகிறோம் என்று நினைத்தேன். படகு போய்க்கொண்டே இருந்தது. மேளச் சத்தம் தேய்ந்து, பிறகு இல்லாமல் போனது. கரை மெலிந்து ஒரு கோடாகியது. நான் இத்தனை மாதமாக ஜன்னலில் பார்த்த கடலுக்குள்ளேயே இப்போது இருக்கிறேன் என்பதை நம்ப முடியவில்லை. காத்திருக்கிற கப்பல் ஒன்று மிக அருகில், ஒரு தெரு அளவு நீளமாக, தூங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்தினார். தண்ணீர் படகின் வயிற்றைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அங்க பாரு" என்றார்.

பார்த்தேன். கோபுரத்தின் இடது தோளில், ஒரு துவரம்பருப்பு அளவுக்கு, மஞ்சள். என் மஞ்சள். அதற்குள்தான் எங்கள் கட்டில், அடுப்பு, கொடியில் காயும் துணி எல்லாம் இருக்கிறது. இவ்வளவு பெரிய கரையில் நாங்கள் இவ்வளவுதான் என்று நினைத்தபோது இவர்மேல் அளவில்லாத பிரியம் வந்தது.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். யாருமில்லாத கடலில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொரு அடையாளம் கீதுன்னு சொன்னேன்ல. ஆருகிட்டயும் சொல்லக்கூடாது. வடக்கால பாரு. பொகபோக்கி ரெண்டு தெரியிதா?"

"ஒண்ணுதானே தெரியுது?" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "அதாம்மே! ரெண்டும் ஒட்டிக்கினு ஒண்ணா தெரிஞ்சா, கீய கல்லு. இப்போ கல்லு மேலதான் நாம கீறோம்."

"அய்யோ" என்று குனிந்து தண்ணீரைப் பார்த்தேன். பச்சையாக, அடி தெரியாமல் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தார்கள், யார் முதலில் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் விவரமாகச் சொன்னார். பனைமரத்தைப் பற்றியும் சொன்னார். அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். அது நடிப்பென்று எனக்குத் தோன்றவேயில்லை. உண்மையாகவே முதல் தடவை கேட்பது போலத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. அத்தை நாங்கள் விட்டுப்போன அதே இடத்தில் மணலில் உட்கார்ந்திருந்தார். இவர் படகைக் கரையேற்ற ஆள் கூப்பிடப் போனார். நான் நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டு அத்தைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சொல்லிட்டானா?" என்றார்.

"சொல்லிட்டாரு."

"தெரியாத மாரி கேட்டுக்கினியா?"

"கேட்டுக்கிட்டேன்."

அத்தை கடலைப் பார்த்தார். கைநிறைய மணலை அள்ளி, விரல் இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்.

"முப்பத்தி நாலு வருசம்டி" என்றார். "இன்னிக்கு சொல்லுவாரு, நாளிக்கு சொல்லுவாருன்னு பாத்துக்கினே இருந்தேன். எப்டி கேட்டுக்கணும்னு மனசுக்குள்ள ரெடியா வெச்சிகினு இருந்தேன். கடசி வரிக்கும் அந்த மனுசன் எங்கிட்ட சொல்லவேயில்ல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதில் மணல் இருந்தது. அவர் எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வா, உன் வூட்டுக்குப் போயி டீ போடு" என்றார்.